நாள்வழியும் பேரேடும்

1969இல் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகச் சேர்ந்த நிக்லாஸ் லூமானிடம், உங்கள் ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலைப் பிற்பாடு அவரே எழுதி, அது பிரபலமாகிவிட்டது. தலைப்பு, சமூகம் பற்றிய ஒரு கோட்பாடு. காலம், 30 ஆண்டு. செலவு, ஒன்றுமில்லை. கேட்பதற்கு நக்கல் மாதிரி இருக்கிறது. ஆனால் மனுஷன் சொன்னபடியே செய்தார். அந்தத் திட்டத்தின் நிறைவு நூல் 1997இல் வந்தது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் உலகத்தில் 3 மாதத்துக்கு முன்னால் எடுத்த முடிவையே ஏன் எடுத்தோம் என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்போம். அதனால் 30 ஆண்டு என்று படித்தவுடன் எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். இடையில் எதையும் தொலைக்காமல் எப்படி இழுத்துக்கொண்டு போனார்?

பதில், மரப்பெட்டிகள். அவற்றில் ஏறத்தாழ 90,000 துண்டுக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு குறிப்பிலிருந்து கிளைக்கும் யோசனைக்கு அதே எண்ணோடு ஒரு எழுத்து, அதிலிருந்து கிளைத்தால் இன்னொரு எண். குறிப்புகளுக்குள்ளேயே ‘அந்த எண்ணையும் பார்’ என்று கைகாட்டிகள். 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பெட்டியைத் தன் உரையாடல் துணை என்றே லூமான் குறிப்பிடுகிறார். அவர் வாதத்தின் சாரம் இது: வேறு எதனோடும் இணைக்கப்படாத குறிப்பு பெட்டிக்குள்ளேயே தொலைந்துபோகும். இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்றைக்கு சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எல்லாமே ‘நாங்கள் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்’ என்கின்றன. நீங்கள் எழுதும் நாவல், முனைவர் பட்ட ஆய்வு, கட்டும் வீடு, ஓட்டும் சின்ன வியாபாரம் எதுவானாலும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது வாக்குறுதி. நல்ல வாக்குறுதிதான். ஆனால் ஒரு வேலைக்குத் துணையாக நிற்க எப்படிப்பட்ட நினைவு வேண்டும் என்ற கேள்விக்கு 80 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரே தடுமாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

வில்லும் தடமும்

1945 ஜூலையில் ‘தி அட்லான்டிக்’ இதழில் வானெவர் புஷ் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அறிவியல் ஆய்வு முழுவதையும் ஒருங்கிணைத்த அலுவலகத்தின் தலைவர் அவர். அணுகுண்டுத் திட்டத்திலும் பங்கு இருந்தது. ஹிரோஷிமாவுக்கு ஒரு மாதம் முன்பு அவர் எழுதியது ஆயுதத்தைப் பற்றி இல்லை, மறதியைப் பற்றி. ஆய்வுகள் மலைபோலக் குவிகின்றன, தேவைப்படும்போது எதுவும் கையில் சிக்குவதில்லை. மரபியலின் அடிப்படை விதிகளை மெண்டல் கண்டுபிடித்து எழுதியும் ஒரு தலைமுறைக்கு உலகம் அதைத் தவறவிட்டதே, அதை உதாரணம் காட்டினார்.

அவர் கற்பனை செய்த தீர்வின் பெயர் மெமெக்ஸ். ஒரு மேசை. அதன் மேல் சாய்வான திரைகள், உள்ளே மைக்ரோஃபிலிம் சுருள்கள். ஒருவர் படிக்கும் புத்தகம், கடிதம், குறிப்பு எல்லாம் அதற்குள் போகும். ஒரு நாளைக்கு 5000 பக்கம் போட்டாலும் நிரம்ப நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று கணக்குச் சொன்னார்.

எல்லோரும் அந்தக் கொள்ளளவைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். புஷ் அதைவிட அக்கறையாக எழுதியது இன்னொன்றைப் பற்றி. மெமெக்ஸ் வைத்திருக்கும் ஒருவர் வில்லின் வரலாற்றை ஆராய்கிறார். சிலுவைப் போர்களில் இங்கிலாந்தின் நீண்ட வில்லைவிடத் துருக்கியரின் குட்டை வில் ஏன் சிறந்திருந்தது என்பது கேள்வி. கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம், வரலாற்று நூலில் ஒரு பக்கம், பொருள்களின் மீள்தன்மை பற்றிய பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், நடுவில் தன் கைப்பட எழுதிய ஒரு தாள். இவற்றை ஒன்றோடொன்று கோத்து ஒரு தடம் போடுகிறார். பல ஆண்டு கழித்து, புதுமையை மனிதர்கள் ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்று நண்பரோடு பேச்சு வருகிறது. ஒரு தட்டு தட்டினால் அந்தப் பழைய தடம் அப்படியே வந்து நிற்கிறது. அதைப் படம் எடுத்து நண்பருக்குக் கொடுக்கிறார். நண்பர் தன் மெமெக்ஸில் செருகிக்கொள்கிறார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தடத்தைப் போட்டது மனிதர். அந்தத் தடம் பெயர்த்து எடுத்துக் கொடுக்கக்கூடியதாக இருந்தது. மெமெக்ஸ் யாராலும் கட்டப்படவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த ஒவ்வொரு கருவியையும் இந்த இரண்டையும் வைத்தே எடை போடலாம்.

இரண்டு ஓடைகள்

போர் முடிந்த நேரம். பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் கடற்படை ரேடார் தொழில்நுட்பராக இருந்த 20 வயது டக்ளஸ் எங்கல்பார்ட், மூங்கில் குடிசையில் இருந்த செஞ்சிலுவைச் சங்க நூலகத்தில் புஷ்ஷின் கட்டுரையைப் படித்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய 90 நிமிட விளக்கக் காட்சியில் மவுஸ், இணைப்புச் சுட்டி, தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது எல்லாம் வந்தன. அதற்கு அவர் எடுத்துக்காட்டிய ஆவணங்களில் ஒன்று, வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல்.

அதிகம் பேசப்படாத ஒன்று, அவர் குழு அடுத்து உருவாக்கிய ‘ஜர்னல்’. ஆய்வுக்கூடத்தில் யார் எழுதும் குறிப்பும் அதில் சேர்ந்தால் ஒரு நிரந்தர எண் கிடைக்கும். பிறகு அதை மாற்ற முடியாது. மறுத்து எழுதலாம், பழையதைச் சுட்டிக்காட்டலாம். பழையது பழையதாகவே நிற்கும். ஒரு குழு எப்படி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது என்பதே ஆவணமாக வேண்டும் என்பது எங்கல்பார்ட்டின் எண்ணம்.

அதே பத்தாண்டில் வேறொரு ஓடை தொடங்கியது. 1966இல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம், எலைசா என்ற பேசும் நிரலைப் பற்றி எழுதினார். மனநல ஆலோசகர் போல நம் வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்கும் நிரல். அதற்குள் ‘மெமரி’ என்றே பெயர் கொண்ட ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. நீங்கள் ‘என்னுடைய’ என்று தொடங்கிச் சொல்வதில் சிலவற்றை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எங்காவது பதில் தெரியாமல் மாட்டிக்கொண்டால், முன்பு உங்கள் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னீர்களே என்று அதை எடுத்து விடும். கேட்பவருக்குப் புல்லரிக்கும். அட, கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கே!

அந்த நினைவு யாருடைய வேலைக்கும் உதவவில்லை. பேச்சு அறுந்துபோகாமல் இருக்க உதவியது, அவ்வளவுதான். ஞாபகம் வைத்திருப்பது மாதிரி தெரிவது வேறு, ஞாபகத்தால் ஒரு காரியம் முன்னேறுவது வேறு. இன்றைய உதவியாளர் ஒன்று நம் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கும்போதெல்லாம் எனக்கு எலைசா ஞாபகத்துக்கு வருகிறது.

எல்லாவற்றையும் வைத்திருப்பவர்

புஷ்ஷின் கனவில் கொள்ளளவு பாதியை நிறைவேற்ற முயன்றவர் கோர்டன் பெல். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற கணினிகளை வடிவமைத்தவர். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் ‘மைலைஃப்பிட்ஸ்’ என்ற திட்டத்தில் தன் வாழ்க்கையையே கணினிக்குள் போட்டார். கடிதங்கள், ரசீதுகள், புகைப்படங்கள், தொலைபேசி உரையாடல்கள், பார்த்த இணையப் பக்கங்கள். கழுத்தில் தொங்கி, தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும் சென்ஸ்கேம் என்ற கேமராவையும் அணிந்தார். 2002இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வுத்தாளின் தலைப்பே, மெமெக்ஸ் கனவை நிறைவேற்றுகிறோம் என்ற பொருளில் இருந்தது.

சேமிப்பு நிறைவேறியது. தடம்? அதை யார் போடுவது? ஒரு நாளின் அத்தனை படங்களில் எது முக்கியம் என்று பார்த்துச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1996இல், எம்ஐடி மீடியா லேபில் பிராட்லி ரோட்ஸும் தாட் ஸ்டார்னரும் எழுதிய சின்ன நிரல் ஒன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். பெயர், நினைவூட்டும் முகவர். ஈமாக்ஸில் நீங்கள் எதையோ எழுதிக்கொண்டிருப்பீர்கள். திரையின் அடியில் சில வரிகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது எழுதுவதற்குச் சம்பந்தமாக உங்கள் பழைய மின்னஞ்சலில், குறிப்பில் இது இருக்கிறது, இதுவும் இருக்கிறது என்று. வேண்டுமென்றால் திறந்து பார்க்கலாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தானாக எதையும் உங்கள் எழுத்துக்குள் கொண்டுவந்து கொட்டாது. எந்த நினைவு பொருத்தம் என்பதில் கடைசி வார்த்தை உங்களுடையது.

மறதியோடு பிறந்தவை

பேசும் ஓடையும் சேமிக்கும் ஓடையும் சேர்ந்த இடம்தான் இன்றைய மொழி மாதிரிகள். ஆனால் இவை பிறவியிலேயே மறதிக்காரர்கள். நாம் ஒரு கேள்வி கேட்கும்போது, செயலி அதுவரை நடந்த உரையாடல் முழுவதையும் திரும்ப அனுப்புகிறது. மாதிரி ஒவ்வொரு முறையும் அதை முதல் தடவை போலவே படிக்கிறது. ஒரே மூச்சில் படிக்கக்கூடிய அளவுக்கு ஒரு எல்லை உண்டு. 2020இல் வந்த ஜிபிடி-3க்கு அது 2048 டோக்கன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் வலி. அந்தப் பழைய முறையில் ஒரு தமிழ் எழுத்தே பல டோக்கன்களாக உடையும். 2024இல் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய மாதிரி வாக்கியம் ஒன்று தமிழில் 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்திருந்தது. அதுவரை அதே விஷயத்தைத் தமிழில் சொன்னவரின் உரையாடல் அத்தனை மடங்கு வேகமாக நிரம்பி வழிந்தது என்று பொருள்.

எல்லை பெரிதானால் சிக்கல் தீருமா? 2024 பிப்ரவரியில் ஜெமினி 1.5 பத்து லட்சம் டோக்கன் வரை போனது. ஆனால் நீளமான உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பிடிக்கும் மாதிரிகள் நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இலேயே காட்டியிருந்தார்கள். கோர்டன் பெல்லின் கதைதான். எல்லாம் உள்ளே இருக்கிறது, தேவையானது கையில் இல்லை.

2023இல் வேறு இரண்டு முயற்சிகள் வந்தன. பெர்க்லியிலிருந்து வந்த மெம்ஜிபிடி, இயங்குதளங்களின் பழைய உத்தியைக் கடன் வாங்கியது. 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி, சிறிய வேக நினைவகத்துக்கும் பெரிய மெதுவான உருளைக்கும் இடையே பக்கங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டது. அதே மாதிரி, எதைப் பார்வையில் வைப்பது, எதை வெளியே எழுதி வைப்பது என்று மொழி மாதிரியே முடிவு செய்யும். இன்னொன்று, ஸ்டான்ஃபோர்டும் கூகுளும் உருவாக்கிய, 25 கதாபாத்திரங்கள் வாழும் ஒரு குட்டிக் கணினிக் கிராமம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடந்ததெல்லாம் பதிவாகும். அதிலிருந்து எடுக்கும்போது மூன்று அளவுகோல்: எவ்வளவு அண்மையில் நடந்தது, எவ்வளவு முக்கியம், இப்போதைக்கு எவ்வளவு பொருத்தம். பல் துலக்கியதற்கு முக்கியத்துவம் 1, காதல் முறிவுக்கு 10. அவ்வப்போது பழைய பதிவுகளைப் படித்து, அவற்றின் சாரத்தைப் புதிய குறிப்பாக எழுதிக்கொள்ளும்.

நம் பழைய கடைக் கணக்கில் இதற்குச் சொல் இருக்கிறது. அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பெயர்த்து எழுதுவது பேரேடு. நாள்வழி எத்தனை கட்டு இருந்தாலும், யார் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டுமானால் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். உதவியாளரோடு நாம் நடத்தும் உரையாடல்கள் நாள்வழி. ‘நினைவு’ என்று இப்போது தருவது பேரேடு. அப்படியானால் கேள்வி: பெயர்த்து எழுதும் கணக்குப்பிள்ளை யார்? முதலாளி அதைப் பார்க்கிறாரா?

‘ஏன்’ என்ற ஒரு வரி

சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலை பார்த்தவர்களுக்கு ‘கேடி’ தெரியும். விலகிப்போகும் ஆள், வரும் ஆளுக்கு அறிவைக் கைமாற்றும் சடங்கு. ‘இந்த ஃபைல் இங்க இருக்கு, இந்த ஜாப் ராத்திரி ஓடும், இதை மட்டும் தொடாதீங்க.’ ஏன் தொடக் கூடாது? ‘தெரியல, எனக்குக் கேடி குடுத்தவர் அப்படித்தான் சொன்னாரு.’ ‘என்ன’ கைமாறும், ‘ஏன்’ கைமாறாது. திட்டங்கள் சாவது பெரும்பாலும் இந்த ‘ஏன்’ தொலைந்துதான்.

2011இல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் இதற்கு ஒரு எளிய வழியை முன்வைத்தார். பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோப்பு. என்ன சூழல், என்ன முடிவு, அதன் விளைவு என்ன, இப்போது அது நடப்பில் இருக்கிறதா இல்லையா. முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்கக் கூடாது. இது இன்னதால் மாற்றப்பட்டது என்று குறித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எங்கல்பார்ட்டின் ஜர்னல் மறுபிறவி எடுத்த மாதிரி.

இந்த வடிவம்தான் இப்போது உதவியாளர்களின் நினைவுக்குள் நுழைகிறது. 2025இல் வந்த கிளாட் கோடு போன்ற கருவிகள், திட்டத்தின் அடைவிலேயே இருக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பை ஒவ்வொரு முறையும் முதலில் படித்துவிட்டு வேலையைத் தொடங்குகின்றன. இதை நிரலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பாளர், இந்தச் சொல்லுக்கு இந்தத் தமிழ்ச் சொல்தான், மற்ற இரண்டையும் இன்ன காரணத்தால் விட்டேன் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். 20ஆம் அத்தியாயத்தில் உதவியாளர் அந்த விட்ட சொல்லையே திரும்பப் பரிந்துரைக்காது. நாவல் எழுதுகிறவர், இந்தப் பாத்திரத்துக்கு அம்மா இறந்த விஷயம் இன்னும் தெரியாது என்று எழுதி வைக்கலாம். செய்யாமல் விட்டதையும் அதற்கான காரணத்தையும் வைத்திருக்கும் நினைவுதான் ஒரு வேலைக்கு உண்மையில் உதவுகிறது. பிறந்தநாளும் பிடித்த நிறமும் வேறு கணக்கு.

பழைய நினைவு ஆபத்தும்கூட. ஜனவரியில் எடுத்த முடிவை மார்ச்சில் மாற்றியிருப்போம். இரண்டும் பேரேட்டில் தேதியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், உதவியாளர் எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு முழு நம்பிக்கையோடு பேசும். மனிதர் என்றால் ‘இல்லப்பா, அப்புறம் மாத்தினோம்ல?’ என்று இழுப்பார். இயந்திரம் இழுக்காது.

பேரேடு யாருடையது

2024 பிப்ரவரியில் சாட்ஜிபிடி முதன்முதலில் நினைவு வசதியைச் சோதனைக்கு விட்டபோது அது ஒரு பட்டியல். திறந்து பார்க்கலாம், ஒவ்வொரு வரியாக அழிக்கலாம். 2025 ஏப்ரலில், பழைய உரையாடல்கள் அனைத்திலிருந்தும் தானே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. வசதி கூடியது. ஆனால் இந்தப் பதிலுக்கு எந்தப் பழைய பேச்சு காரணம் என்பதைப் பார்ப்பது கடினமானது. வில்லின் தடத்தைப் புஷ்ஷின் ஆய்வாளர் தானே போட்டார். இங்கே தடம் போடப்பட்டிருக்கிறது, நமக்குத் தெரியாமல்.

பார்க்க முடியாத பேரேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2024இல் பாதுகாப்பு ஆய்வாளர் யோஹான் ரேபெர்கர் இதைச் செய்தே காட்டினார். வெளியிலிருந்து வரும் ஓர் ஆவணத்திலோ இணையப் பக்கத்திலோ ஒளித்து வைத்த கட்டளை, சாட்ஜிபிடியின் நிரந்தர நினைவுக்குள் பொய்த் தகவலைப் பதித்தது. அடுத்தடுத்த உரையாடல்களிலும் அந்தப் பொய் தொடர்ந்தது.

அழிப்பதும் நம் கையில் மட்டும் இல்லை. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடர்ந்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி நீதிமன்றம் ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டது. சில மாதம் கழித்து அந்தக் கட்டாயம் நீங்கியது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. நல்லதுதான். ஆனால் என் நாவலின் கைவிடப்பட்ட மூன்று தொடக்கங்களும் அதற்கான காரணங்களும் என்னைப் பற்றிய தரவு மட்டுமா? அது என் வேலை. அதை அழிக்கும் உரிமையைவிட, எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமைதான் எனக்கு அவசரம். புஷ்ஷின் ஆய்வாளர் தடத்தைப் பெயர்த்து நண்பரிடம் கொடுத்தாரே, அது.

இதெல்லாம் உதவியாளர்களை ஒதுக்கச் சொல்லும் வாதம் இல்லை. நான் தினமும் பயன்படுத்துகிறேன். 200 பக்கக் குறிப்புக்குள் நான் மறந்துபோன ஒரு முரண்பாட்டை எடுத்துக் காட்டும்போது, லூமான் தன் பெட்டியை உரையாடல் துணை என்றது இதைத்தானோ என்று தோன்றும். அவர் எதிர்பார்த்ததே பெட்டி தன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றுதான். ஆனால் அந்த ஆச்சரியம் வந்ததற்குக் காரணம், 90,000 குறிப்புகளிலும் எதை எதோடு கோப்பது என்று அவர் உட்கார்ந்து யோசித்தது. அந்தக் கோக்கும் வேலைதான் அவருடைய சிந்தனை. அதை யாரிடமாவது ஒப்படைத்திருந்தால் பெட்டி மிஞ்சியிருக்கும், கோட்பாடு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதனால் என் ஏற்பாடு கொஞ்சம் பத்தாம்பசலி. ஒவ்வொரு நீண்ட வேலைக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. உதவியாளர் அதைப் படிக்கும். புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று அதனிடமே கேட்பேன், அது பத்து வரி தரும். அதில் இரண்டோ மூன்றோ தேறும். தேதி போட்டு நான் எழுதுவேன். மாறிய முடிவுக்குக் கீழே, மாறியது, இதனால், என்று ஒரு வரி. எந்த நிறுவனத்தின் உதவியாளருக்கு நாளை மாறினாலும் கோப்பு என்னோடு வரும்.

லூமானின் குறிப்புகளை 2011இல் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம் வாங்கியது. இப்போது அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மன் தெரிந்த யாரும் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவி, அவர் எங்கே திரும்பினார், எங்கே விட்டுவிட்டார் என்று பின்தொடரலாம். அதைத் திறக்க யாருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. காகிதத்தில், அவர் கையெழுத்தில் இருந்தது.